ஏழு மொட்டைகளும் ஒரு வால்வும்

1

பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடம். குடியேற்ற அலுவலகத்தின் காத்திருப்பு அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, சுவரில் உயரமாக மாட்டியிருந்த தொலைக்காட்சியில் எழுந்து நின்ற ஒரு நரைத்த தலை. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். அவருடைய வாய் அசைந்தது. உட்கார்ந்தார். இன்னொருவர் எழுந்தார்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம், பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை. அமெரிக்க ஜனாதிபதி சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னாரா என்பதை மேல்சபை அன்று முடிவு செய்துகொண்டிருந்தது. நூறு உறுப்பினர்கள். பெயரைக் கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் தம் இடத்தில் எழுந்து நின்று, குற்றவாளி என்றோ குற்றவாளி இல்லை என்றோ சொல்ல வேண்டும்.

அறையில் முப்பது பேர் இருந்திருப்போம். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்காணலுக்காக வந்தவர்கள். கையிலிருந்த காகிதங்களைச் சரிபார்ப்பதில் இருந்தார்கள். நான் மட்டும் அழைப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நிருபராக இருந்த காலத்துப் பழக்கம். ஜனாதிபதியின் கட்சிக்காரர்களில் ஒருவர்கூட அவருக்கு எதிராகச் சொல்லவில்லை. எதிர்த்தரப்பில் சிலர் தம் கட்சியை விட்டு அவர் பக்கம் சாய்ந்தார்கள். அவர் தப்பிவிட்டார் என்பது பாதிக்கு மேல் பெயர்கள் முடிந்ததுமே தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகும் என்னால் உட்கார முடியவில்லை. மூன்று முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். தாகம் எதுவும் இல்லை.

என் பையில் நகலாக இருந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்விக்கு எழுதியிருந்த பதில் தவறு. அது எனக்குத் தெரியும்.

2

விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தவள் என் மகள் ஜெனி. எட்டு வயதில் இங்கே வந்தாள், இப்போது பதினைந்து. அவளுடைய அம்மா நர்ஸ். அம்மாவின் வேலையை நம்பித்தான் மூவரும் விமானம் ஏறினோம். நான் இந்தச் சிறு நகரத்து நாளிதழில் வரி விளம்பரப் பிரிவில் இருக்கிறேன். பழைய சோபா, ஓடாத கார், காணாமல்போன பூனை. என் ஆங்கிலம் அதற்குப் போதும். அரசாங்கக் காகிதங்களுக்குப் போதாது என்று ஜெனி முடிவு செய்து, பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

இதுவரை உறுப்பினராக இருந்த கட்சிகள், சங்கங்கள், அமைப்புகள் எல்லாவற்றையும் எழுதவும் என்று ஓர் இடம் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். சமையலறையில் குக்கர் கூவியது. எழுந்து போனேன். திரும்பி வந்தபோது பெரிய எழுத்தில் 'இல்லை' என்று எழுதி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தாள். நான் திருத்தச் சொல்லவில்லை.

நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்பு அவளுடைய பள்ளியில் மேல்சபை மாதிரி ஒன்று நடத்தினார்கள். அவளுக்கு ஜனாதிபதியின் கட்சியில் ஓர் உறுப்பினர் வேடம். இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்: தப்பு செய்தார் என்று தெரியும், ஆனால் அவர் நம் கட்சி, அப்போது என்ன செய்வது? அவள் ஆங்கிலத்தில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

ஊரில் எனக்கு ஒரு பிரசிடெண்ட்டைத் தெரியும், அவர் விஷயத்திலும் இதே கேள்வி வந்தது என்றேன். இந்தியாவின் ஜனாதிபதியையா என்று கண்களை விரித்தாள். பஞ்சாயத்துக்கு என்றேன்.

"ஓ," என்றாள், அபூர்வமாகத் தமிழில். "குட்டி பிரசிடெண்ட்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவளுக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

3

எங்கள் ஊராட்சியின் பெயரை எழுதப் போவதில்லை. ஏற்காட்டில் நாகலூர் பஸ் ஏறினால், நாகலூருக்கு முன்பே இறங்கிக்கொள்ள வேண்டும். நடந்தது எண்பதுகளின் பின்பாதியில். நான் அப்போது சேலத்து நாளிதழ் ஒன்றுக்கு மலைப்பகுதியின் பகுதிநேர நிருபர். பிரசிடெண்ட்டின் பெயரையும் விட்டுவிடுகிறேன். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஊராட்சித் தேர்தலில் கட்சி கிடையாது என்பது சட்டம். எங்கள் பிரசிடெண்ட்டும் எட்டு வார்டு மெம்பர்களும் ஒரே கட்சி என்பது நடைமுறை. எங்கள் கட்சி என்றுதான் சொல்ல வேண்டும். எழுபதுகளின் நடுவில், மீசை சரியாக முளைக்காத வயதில், நானும் அதில் சேர்ந்தேன். ஏற்காடு ஏரிக்கரையிலிருந்து நாகலூர் வரைக்கும் சுவரொட்டி ஒட்டியிருக்கிறேன்; பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தவர் பின்னாளில் பிரசிடெண்ட் ஆனவர். என் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று கேட்காமலே ஜீப் அனுப்பியவரும் அவர்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது நியாயமான செய்தியாக இருக்காது.

மேல்காட்டில் ஒரு ஊற்று. அதற்குக் கீழே தொட்டி. தொட்டியிலிருந்து, எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளுக்குக் குழாய். நாற்பது குடும்பம். லைனின் கடைசி வீடு ரைட்டருக்கு உரியது. என் அக்கா அற்புதம் அங்கே இருந்தாள். அவளுடைய கணவர் சூசை மாமாதான் எஸ்டேட் ரைட்டர். தினம் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வருகை எழுதுவது அவர் வேலை. அந்த வார்டின் மெம்பரும் அவர்தான்.

பிரசிடெண்ட் கீழ் ரோட்டில் லாட்ஜ் கட்டினார். காம்பவுண்டுச் சுவர் எழுந்தபோது, குழாயின் வால்வு சுவருக்கு உள்ளே போய்விட்டது. மார்ச் மாதத்தில் ஒருநாள் லைனுக்குத் தண்ணீர் நின்றது. லாட்ஜின் மாடித்தொட்டி நிரம்பி வழிந்தது. காபிக் காட்டுக்குப் போவதற்கு முன் பெண்கள் ஓடைக்கு இரண்டு நடை நடந்தார்கள். அக்கா மூன்று நடை. வீட்டில் சிறுபிள்ளை இருந்தது.

சூசை மாமா மூன்று முறை போய்க் கேட்டார். மூன்று முறையும், சீசன் முடியட்டும் சாமி என்று டீ கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் முறை திரும்பி வந்தபோது நான் அங்கே இருந்தேன். அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க லைனுக்கு மெம்பருங்களா, லாட்ஜுக்கு மெம்பருங்களா?"

அன்று மாலை அவர் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கான மனுவைத் தம் கையால் எழுதினார். அழகான கையெழுத்து. முதல் கையெழுத்தும் அவருடையது. நான்கு நாளில் எட்டுப் பேரும் போட்டார்கள். ஊராட்சி அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்று தாசில்தார் அறிவித்தார்.

4

சனிக்கிழமை மாலை பிரசிடெண்ட் மெம்பர்களை லாட்ஜுக்கு வரச்சொன்னார். யாரையும் மிரட்டவில்லை. நானும் அங்கே ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். கட்சிக்காரனாகவா, நிருபனாகவா என்று யாரும் கேட்கவில்லை. வால்வைத் திருப்பியது தப்புதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் நம்முடைய பிரசிடெண்ட்டை நாமே இறக்கினோம் என்றால் அடுத்த தேர்தலில் எந்த முகத்தோடு ஓட்டுக் கேட்பது, எதிர்க்கட்சிக்காரன் மலையேறி வந்து சிரிக்க மாட்டானா என்றார். பிறகு சூசை மாமாவின் தோளில் கை வைத்தார்.

"கட்சிய விட்டுக்குடுத்துட்டுக் குடிச்சா அந்தத் தண்ணி தொண்டைல எறங்குமா சாமி?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடக் கட்சிக்காரர்.

திட்டம் எளிமையானது. ஞாயிறு காலை வேன். வேளாங்கண்ணி. திங்கட்கிழமை யாரும் ஊரில் இருக்க மாட்டார்கள். போதுமான மெம்பர்கள் வராவிட்டால் தீர்மானம் தானாக விழுந்துவிடும். யாரும் யாருக்கும் எதிராகக் கையைத் தூக்கியதாக ஆகாது. தாசில்தார் கேட்டால், வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். மெம்பர்களில் பாதிப் பேர் இந்துக்கள். வேளாங்கண்ணிக்குப் போக அவர்களுக்கும் மனத்தடை இல்லை.

சூசை மாமாவுக்கு நிஜமாகவே ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. கடைசிப் பிள்ளை அந்தோணிக்குக் கைக்குழந்தையில் வந்த காய்ச்சலின்போது நேர்ந்துகொண்டது. மூன்று வயதாகியும் முடி எடுக்காமல் பின்னலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் பிரசிடெண்ட் நினைவில் வைத்திருந்தார். பிள்ளையையும் தூக்கிட்டு வா, வேன் நம்மளுது என்றார்.

மாமா வீட்டுக்குப் போனார். அக்கா பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"வேண்டுனது மாதாவுக்குங்க. பிரசிடெண்ட்டுக்கு இல்லீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு வேன் கிளம்பியது. வண்டியின் முன்னால் எப்போதும் பறக்கும் கட்சிக்கொடியைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே ஏழு மெம்பர்களும் பிரசிடெண்ட்டும். மாமா ஜன்னலோரம், தனியாக. டீக்கடையில் நின்ற என்னைப் பார்த்து, "கட்சி முடிவு மாப்ள," என்றார். நான் தலையாட்டினேன். அவர் எதிர்பார்த்தது அதைத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. போகாதீங்க மாமா என்று நான் சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாரோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

5

திங்கள் காலை பத்தே முக்காலுக்கு ஊராட்சி அலுவலகத்தில் தாசில்தார், அவருடைய உதவியாளர், நான். எட்டு நாற்காலி. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருவர் வந்தார். எட்டாவது மெம்பர் ராமக்கவுண்டர், தலைச்சோலைப் பக்கத்து மேட்டுக்காட்டுக்காரர், நாற்பது வயது, மிளகும் காபியும் கொஞ்சம் சாமையும் வைத்திருந்தவர். காலெல்லாம் செம்மண்.

அவர் எட்டு நாற்காலியையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். மற்றவர்கள் எங்கே என்றார். சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் நான் எதிர்பார்த்தது இல்லை.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லலீங்களே! நானும் வேளாங்கண்ணி பார்த்ததில்லீங்க."

மாரமங்கலத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாராம். சனிக்கிழமை பிரசிடெண்ட்டின் ஆள் போனபோது வீடு பூட்டியிருந்திருக்கிறது. சொல்லியிருந்தால் அவரும் வேனில் ஏறியிருப்பார். அதை அவர் மறைக்கவில்லை.

தாசில்தார் நல்ல மனிதர். வேண்டுமானால் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதித் தரலாம், வீணாகப் பகை வேண்டாம் என்றார். ராமக்கவுண்டர் மேசையில் இருந்த மனுவைக் குனிந்து பார்த்தார்.

"அது என் கையெழுத்துத்தானுங்க. வந்தது வந்துட்டனுங்க. மணி ஆகட்டும், உக்காந்திருக்கறன்."

உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை வெளியே போய் இருமிவிட்டு வந்தார். பன்னிரண்டு அடித்ததும், போதிய உறுப்பினர்கள் வராததால் தீர்மானம் கைவிடப்பட்டது என்று தாசில்தார் எழுதினார். வந்தவர் ஒருவர் என்று குறிப்பிட்டு அவரிடம் கையெழுத்து வாங்கினார். ராமக்கவுண்டர் என்னிடம் பஸ் நேரம் கேட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே போனார்.

6

வேன் செவ்வாய்க்கிழமை மதியம் திரும்பியது. ஏழு பேரும் மொட்டை. மண்டை முழுக்கச் சந்தனம்.

இது பிரசிடெண்ட்டின் யோசனையாம். யாத்திரை என்று சொன்னால் யாத்திரை மாதிரி இருக்க வேண்டாமா, நாளைக்குத் தாசில்தார் விசாரித்தால் தலையைக் காட்டினால் போதுமே என்றிருக்கிறார். சரி என்று ஏழு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். முடி வளர எத்தனை மாதம் ஆகும் என்பதை அங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து, யார் போனார், யார் போகவில்லை என்று ஊரில் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாகலூர் சந்தையில், பஸ்ஸில், பூசையில், ரேஷன் கடை வரிசையில் ஏழு தலைகள் தனியாகத் தெரிந்தன. லைன் பெண்கள் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. காலையில் மாமா பேர் கூப்பிடும்போது, "ஆஜருங்க" என்பதற்குப் பதிலாக ஒருத்தி தலையைத் தடவிக் காட்டினாள். வரிசை முழுக்கச் சிரித்தது. சூசை மாமா மே மாத வெயிலில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு வருகை எழுதினார்.

வந்த அன்று அவர் குளிக்கத் தண்ணீர் கேட்டார். அக்கா அரைச் சொம்பு கொண்டு வந்து வைத்தாள்.

"இனி இது போதுமுங்க. தலைக்குத் தேவையில்லீங்களே."

பக்கத்தில் அந்தோணி பின்னலோடு நின்றுகொண்டிருந்தான். அடுத்த வருடம் அக்கா அவனைத் தானே ரயிலில் கூட்டிக்கொண்டு போய் முடி எடுத்து வந்தாள். மாமாவைக் கூப்பிடவில்லை.

7

செவ்வாய் மாலையே பிரசிடெண்ட் எனக்கு ஒரு புகைப்படம் கொடுத்தனுப்பினார். கடற்கரையில் எடுத்தது. ஏழு மொட்டைகளுக்கு நடுவே எண்ணெய் வைத்து வாரிய சுருட்டை முடியோடு ஒரே ஒரு தலை. அவர் மட்டும் முடி எடுக்கவில்லை. பார்த்த உடனே எனக்கு அது தெரிந்தது. அந்தப் படத்தில் இருந்த செய்தியே அதுதான்.

அன்று இரவு இரண்டு கவர் எழுதினேன். ஒன்றில் வால்வு, லைன் வீடுகள், எட்டுக் கையெழுத்து, ஒற்றை ஆளாக ராமக்கவுண்டர் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரம். இன்னொன்றில் படமும் நான்கு வரியும்: ஊராட்சித் தலைவரும் உறுப்பினர்களும் மழை வேண்டி வேளாங்கண்ணிக்குப் புனித யாத்திரை. செய்திக் கவர்களைச் சேலம் போகும் நான்கு மணி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். மறுநாள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எதைங்க வாங்கிக்கறது என்று கண்டக்டர் கேட்டார். இரண்டாவதைக் கொடுத்தேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பசை வாளி நினைவுக்கு வந்தது, ஜீப் நினைவுக்கு வந்தது. கட்சி வீட்டு விஷயத்தைத் தெருவில் வைக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணியைப் பற்றி ஒண்ணும் வரலையே என்று அக்கா கேட்டபோது, இடம் இல்லையாம் என்றேன். மழை வேண்டி என்ற இரண்டு சொல்லை யாரும் கேட்காமலே சேர்த்தவன் நான்.

8

நேர்காணல் அதிகாரி நடுவயதுப் பெண். விண்ணப்பத்தைச் சிவப்புப் பேனாவோடு வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தார். கட்சி, சங்கம், அமைப்பு என்ற இடத்தில் நிறுத்தி, எதுவும் இல்லையா என்று கேட்டார். இருந்தது, ஒன்று, என்றேன். கட்சியின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன்; இரண்டு முறை தப்பாக எழுதி மூன்றாம் முறை சரியாக எழுதினார். வன்முறைக் கட்சியா என்றார். இல்லை. அதில் உங்கள் வேலை என்ன? பத்திரிகையில் செய்தி எழுதினேன் என்றேன். கட்சிப் பத்திரிகையா? இல்லை, பொதுப் பத்திரிகை. அவர் திருத்தத்தின் ஓரத்தில் எண் போட்டு, பக்கத்தில் கையெழுத்திடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குப் போன் செய்தேன். அங்கே மாலை. மாமா ரிட்டையர் ஆகி, லைனுக்குப் பக்கத்திலேயே சிறிய வீடு கட்டிக்கொண்டார், போனும் இருக்கிறது. அக்காதான் எடுத்தாள். டிவியில் அவளும் பார்த்திருக்கிறாள்.

"அந்த ஊரு பிரசிடெண்ட்டு என்ன ஆனாரு கண்ணு?"

தப்பித்துவிட்டார் என்றேன்.

"மெம்பருங்க எல்லாம் வந்திருந்தாங்களா?"

எல்லாரும் வந்தார்கள், ஒவ்வொருவராக எழுந்து நின்று சொன்னார்கள், அவர் கட்சிக்காரர்கள் எல்லாரும் அவர் பக்கமே நின்றார்கள் என்றேன்.

"எந்திரிச்சு நின்னு சொன்னாங்களா? அப்பப் பரவால்ல போ."

அதன் பிறகு நான் இரண்டு கவரைப் பற்றிச் சொன்னேன். பத்து வருடத்துக்கு மேல் சொல்லாதது. சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"தெரியும் சாமி. கண்டக்டரு அன்னைக்கே சொல்லிட்டாரு. ஒரு கவரு கையிலயே நின்னு போச்சுங்கம்மான்னாரு."

பின்னால் மாமாவின் இருமல் கேட்டது. யாரு, மாப்ளயா என்றார். ஆமாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, போனை அவரிடம் கொடுக்காமல் அக்காவே பேசினாள். ஜெனி எப்படி இருக்கிறாள், தமிழ் பேசுகிறாளா என்று கேட்டாள். நான் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். செவ்வாய், வெள்ளி வருகிறது என்றாள்.

பிரசிடெண்ட் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. லாட்ஜ் கைமாறிவிட்டது. ஊராட்சி இப்போது வேறு கட்சிக்காரர்களிடம் இருக்கிறது. வால்வு இன்னும் அந்தக் காம்பவுண்டுச் சுவருக்குள்தான் இருக்கிறது.